ஓடுகிற குதிரையை விற்ற மாலை

போன வாரம் ஜிம்மி ஜான்சனைப் பாதி ஓட்டத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் புதிய பயிற்சியாளர். உதவியாளர்கள் இரண்டு பக்கமும் கூடவே ஓடுகிறார்கள். திடீரென்று அவர் ஒரு யோசனையைச் சொல்கிறார். உதவியாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

அங்கே 'தொடரும்' போட்டிருந்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை, சாம்பியன் ஸ்டேஷன். பெங்களூர் ரயிலுக்குக் கூட்டம் நிற்கிறது. டிபன் பாக்ஸ் பையைத் தோளில் மாட்டியபடி ஒருவர் நேராக என்னிடம் வந்தார்.

"என்னா சொன்னாரு அந்த ஆளு? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க சார்."

சொல்கிறேன். எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஹெர்ஷல் வாக்கரை விற்றுவிடலாம்.

அவ்வளவுதான் அந்த யோசனை.

வாக்கர் யார் என்று பழைய வாசகர்களுக்கு மறந்திருக்காது. ஜார்ஜியா மாநிலத்துச் சின்ன ஊர்க்காரர். கல்லூரி ஆட்டத்தில் நாட்டிலேயே சிறந்தவருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பையை 1982-ல் வாங்கியவர். அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, மேலே வந்து விழும் மனிதச் சுவரைப் பிளந்துகொண்டு ஓட வேண்டும். அந்த வேலையை அவரைப்போலச் செய்ய டல்லாஸில் வேறு ஆள் கிடையாது. 1988 பருவத்தில் மட்டும் 1,514 கெஜம் ஓடினார். அந்த வருடம் அவருடைய அணி 16 ஆட்டங்களில் 13-ல் தோற்றது. தோற்ற அணியிலும் அவர் ஒருவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒருவரைத்தான் விற்கச் சொல்கிறார் ஜான்சன்.

உதவியாளர்களுக்குத் தலை சுற்றியது. இருப்பதே ஒரு தூண். அதையும் உருவிவிட்டால் வீடு நிற்குமா?

ஜான்சனின் கணக்கு வேறு. இந்த வீடு எப்படியும் நிற்கப்போவதில்லை. விழுகிற வீட்டில் விலைபோகிற சாமான் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை இன்றே விற்றால் நாளைக்கு வேறு வீடு கட்டலாம்.

அந்த மனிதர் எந்த நிலைமையில் நின்றுகொண்டு இப்படி யோசித்தார் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அது புரியாமல் அந்த மாலை புரியாது.

1989 பிப்ரவரியில் ஜெர்ரி ஜோன்ஸ் என்ற எண்ணெய்க் கிணற்று முதலாளி, சுமார் 14 கோடி டாலருக்கு இந்த அணியை வாங்கினார். வாங்கிய கையோடு டாம் லாண்ட்ரியை வீட்டுக்கு அனுப்பினார். 29 பருவங்கள் அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்த மனிதர். டல்லாஸ்காரர்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. அவர் இடத்தில், தன்னோடு கல்லூரியில் ஆடிய பழைய சிநேகிதனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார் ஜோன்ஸ். அந்தச் சிநேகிதன்தான் ஜான்சன். தொழில்முறை அணிக்குப் பயிற்சி கொடுத்த அனுபவம் ஒருநாள்கூடக் கிடையாது.

முதல் ஆட்டத்திலேயே நியூ ஆர்லியன்ஸிடம் 28-க்குப் பூஜ்யம். அக்டோபர் இரண்டாவது வாரத்துக்குள் ஐந்து ஆட்டம். ஐந்தும் தோல்வி.

ஊர் காறித் துப்பியது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன.

இன்னொன்றும் உண்டு. இதுதான் அடிவயிற்றைக் கலக்கும் விஷயம். இந்த லீகில் கடைசியாக வரும் அணிக்கு அடுத்த வருட டிராஃப்டில் முதல் முறை கிடைக்கும். கல்லூரியிலிருந்து வெளிவரும் இளைஞர்களில் மிகச் சிறந்தவனை முதலில் எடுத்துக்கொள்ளலாம். தோற்றவனுக்கு அதுதான் ஆறுதல். ஜான்சனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அந்தக் கோடையில் நடந்த துணை டிராஃப்டில் ஸ்டீவ் வால்ஷ் என்ற தன் பழைய மாணவனை எடுத்தார். அதற்கு விலையாக அடுத்த வருடத்து முதல் சுற்று முறையைக் கொடுத்தாகிவிட்டது.

விதைநெல்லும் தீர்ந்துபோன வீடு.

இப்போது புரிகிறதா, ஏன் வாக்கர்?

டிராஃப்ட் என்றால் என்ன என்று சில வாசகர்கள் இன்னும் கேட்கிறார்கள். நம் ஐ.எஸ்.எல்.லிலேயே இருந்தது. 2017 ஜூலையில் மும்பையில் நடந்த டிராஃப்டில் ஜாம்ஷெட்பூர் அணி முதல் ஆளாக அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது ஞாபகம் இருக்கும். அணிகள் வரிசையாக நின்று ஆளெடுப்பது. அமெரிக்காவில் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த வரிசையில் உனக்குள்ள இடத்தையே நீ விற்கலாம். முன்னால் நிற்பவன் தன் இடத்தைப் பின்னால் நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டு, அவனுடைய இடத்தோடு மேற்கொண்டு ஒன்றிரண்டு இடங்களை வாங்கிக்கொள்ளலாம். கீழே இறங்குவது. ஒன்றைக் கொடுத்துப் பலவற்றை எடுப்பது.

செய்யலாமா, கூடாதா? பல வருடமாக அந்த நாட்டில் இதே சண்டை.

நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டால் இந்தச் சண்டை ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஏனென்றால் இது ஏலச்சீட்டு.

இருபது பேர். மாதம் ஆயிரம் ரூபாய். மொத்தம் இருபதாயிரம். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர் முதல் மாதமே சீட்டை எடுக்க வேண்டும் என்று நிற்கிறார். பதினைந்தாயிரம் கையில் வந்தால் போதும் என்று ஐயாயிரம் தள்ளி எடுக்கிறார். அந்த ஐயாயிரம் இருபது பேருக்கும் இருநூற்றைம்பது, இருநூற்றைம்பதாகப் பிரிகிறது. அவசரக்காரர் தள்ளுகிறார். அவசரமில்லாதவர் தள்ளு வாங்குகிறார். எங்கள் லைன் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இந்தத் தள்ளுப் பணத்தில் பள்ளிக்கூட பீஸ் கட்டிப் படித்தார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

ஆகவே டிராஃப்டில் கீழே இறங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் ஒன்றுதான் கேட்பேன். அந்த அறையில் அவசரம் யாருக்கு?

ஜான்சனுக்கு அவசரமில்லை. அவருக்குக் கல்யாணம் அடுத்த மாதம் இல்லை. மூன்று வருடம் கழித்துத்தான். அதுவரை ஊர் என்ன பேசினாலும் பொறுத்துக்கொள்ள மனதைக் கல்லாக்கி வைத்திருந்தார்.

அவசரக்காரர் வேறு ஊரில் இருந்தார்.

மினசோட்டா. வைக்கிங்ஸ் அணி. அதன் தலைமை நிர்வாகி மைக் லின்.

இந்த லின் சாதாரண ஆள் இல்லை. பேரம் பேசுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். இவரிடம் ஏமாந்த அணிகள் உண்டு. இவர் ஏமாறுவார் என்று அந்த மாலை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவருடைய நெஞ்சுக்குள் ஒரு முள். வைக்கிங்ஸ் நான்கு முறை சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறது. நான்கு முறையும் தோற்றுத் திரும்பியிருக்கிறது. ஒருமுறைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. இப்போது கையில் இருக்கும் அணி நல்ல அணி. தடுப்பாட்டம் பிரமாதம். எல்லாம் இருக்கிறது.

ஒரே ஒரு ஆள்தான் குறை. பந்தை இடுக்கிக்கொண்டு ஓட ஒரு ஆள்.

இந்த 'ஒரே ஒரு ஆள்தான் குறை' இருக்கிறதே, அதைப்போல ஆபத்தான நினைப்பு வேறு இல்லை. அது வந்துவிட்டால் மனிதன் விலை கேட்க மாட்டான்.

1989 அக்டோபர் 12. வியாழக்கிழமை.

டல்லாஸுக்கு ஏற்கெனவே ஒரு விலை வந்திருந்தது. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி ஒரு ஆட்டக்காரரையும், வருங்கால முதல் சுற்று, இரண்டாம் சுற்று முறைகள் சிலவற்றையும் தருவதாகச் சொன்னது. நல்ல விலை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே கைகுலுக்கியிருப்பார்கள். ஜோன்ஸும் ஜான்சனும் குலுக்கவில்லை. எண்ணெய் வியாபாரி வளர்த்த புத்தி அது. முதலில் வருபவன் சொல்லும் விலைதான் அடிவிலை. இன்னொருவனைக் கூப்பிடு.

யாரைக் கூப்பிடுவது?

ஜான்சன் தொலைபேசியை எடுத்தார். மினசோட்டாவைச் சுழற்றினார்.

லின்னிடம் அவர் சொன்ன செய்தி இதுதான். வாக்கரை இன்று கிளீவ்லாந்துக்குக் கொடுக்கப்போகிறோம். உங்களுக்கு வேண்டுமென்றால் இன்றே சொல்ல வேண்டும். விலை, ஆட்டக்காரர்கள். அதோடு டிராஃப்ட் முறைகள். அதோடு நிபந்தனையுடன் வரும் இன்னும் சில முறைகள்.

இன்றே.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. லின்னுக்கு ஒரு வாரம் கொடுத்திருந்தால் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார். ஒரு ராத்திரி கொடுத்திருந்தால்கூடத் தூங்கி எழுந்து யோசித்திருப்பார். ஜான்சன் அவருக்கு ஒரு சாயங்காலம்கூட முழுசாகக் கொடுக்கவில்லை. கூடவே இன்னொரு படத்தையும் கண்முன் மாட்டிவிட்டார். வாக்கர் கிளீவ்லாந்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிற படம்.

லின் என்ன பார்த்திருப்பார்? நான்கு தோல்விகளைப் பார்த்திருப்பார். ஐந்தாவது முறை கிடைக்கப்போகும் வெற்றியைப் பார்த்திருப்பார். விலைச்சீட்டைப் பார்க்க நேரமில்லை.

சரி என்றார்.

இப்போது அந்த விலைச்சீட்டை நாம் பார்ப்போம். நமக்கு நேரம் இருக்கிறது.

மினசோட்டா கொடுத்தது ஐந்து ஆட்டக்காரர்கள். ஜெஸ்ஸி சாலமன், டேவிட் ஹோவர்ட், ஐசக் ஹோல்ட், அலெக்ஸ் ஸ்டூவர்ட், டாரின் நெல்சன். அதோடு டிராஃப்ட் முறைகள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் இந்த ஐந்து பெயர்களைத்தான் எண்ணினார்கள். ஒரு சிங்கத்தைக் கொடுத்துவிட்டு ஐந்து ஆடு வாங்கி வந்திருக்கிறான் என்று டல்லாஸே சிரித்தது. அதிலும் ஒரு ஆடு வரமாட்டேன் என்றது. நெல்சன் டல்லாஸுக்கு வர மறுத்துவிட்டார். அவரை சான் டியேகோ அணிக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று.

சிரித்தவர்கள் ஒப்பந்தத்தின் அடிவரியைப் படிக்கவில்லை.

அந்த அடிவரி இப்படி. வரும் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் முதுகிலும் ஒரு டிராஃப்ட் முறை கட்டப்பட்டிருக்கிறது. 1990 பிப்ரவரி 1-க்கு முன்னால் அந்த ஆட்டக்காரரை டல்லாஸ் அணியிலிருந்து விலக்கினால், கட்டிவைத்த முறை டல்லாஸுக்கு. விலக்காமல் வைத்துக்கொண்டால் முறை கிடையாது.

லின் என்ன நினைத்தார்? ஐந்து ஆட்டமும் தோற்றவன். ஆளுக்கு அலைகிறவன். கையில் வந்த நல்ல ஆட்டக்காரர்களை எந்தப் பைத்தியக்காரன் விலக்குவான்? ஆகவே அந்த முறைகளில் பெரும்பாலானவை நம்மிடமே தங்கிவிடும்.

நியாயமான நினைப்பு. யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆனால் ஜான்சனின் கண் ஆட்டக்காரர்கள் மேல் இல்லவே இல்லை. அவர் வாங்கியது அவர்கள் முதுகில் கட்டியிருந்ததை.

இந்த இடத்தில் எங்கள் லைன் மாமா ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். சாம்பியன் ரீப் தங்கச் சுரங்கத்தில் சாம்பிளராக இருந்தவர். 2001 பிப்ரவரி கடைசி நாளில் சுரங்கத்தை இழுத்து மூடியபோது வீட்டுக்கு வந்தவர். இந்தத் தொடரை வாராவாரம் படித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார்.

வாக்கர் கதையை அவரிடம் முன்னாடியே சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டு உள்ளே போனார். ஒரு சின்னத் துணிப்பையைக் கொண்டுவந்தார். கெட்டித் துணி, வாயில் கயிறு. கழுவிக் கழுவி வெளுத்துப்போயிருந்தது. ஒரு மூலையில் மட்டும் கல்தூளின் சாம்பல் நிறம் இன்னும் போகவில்லை.

"இது என்னான்னு தெரியுமா? கீழ பேஸ்ல ரீப்பு தெரியும். வெள்ளைக் கல்லு. சில எடத்துல அப்படியே மின்னும். புதுசா வந்தவன் அதப் பாத்துட்டு குதிப்பான், தங்கம் தங்கம்னு. நாங்க குதிக்க மாட்டோம். உளியும் சுத்தியும் வெச்சு மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா கொத்தி, சில்லு சில்லா இந்தப் பையில போடுவோம். சீட்டு எழுதி உள்ள போட்டு கட்டுவோம். நாலடி தள்ளிப் போயி இன்னொரு பை. மறுபடி இன்னொரு பை. எல்லாம் அஸே ஆபீசுக்குப் போவும். அங்க சொல்றதுதான் தங்கம். மின்னுறது எல்லாம் பைரைட்டு தம்பி."

பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்.

"அந்த மினசோட்டாக்காரன் மின்னுறதப் பாத்துட்டான். இவன் பையை எண்ணிட்டான்."

எண்பது வயதை நெருங்கும் அந்த மனிதர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர், கேட் மாஸி என்பவரோடு சேர்ந்து இதே டிராஃப்டைப் பல வருடக் கணக்கெடுத்து ஆராய்ந்தார். ஒரு நிலைக்கு எடுக்கப்பட்ட ஆட்டக்காரன், அதே நிலைக்கு அடுத்ததாக எடுக்கப்பட்டவனைவிட நன்றாக ஆடினானா என்று பார்த்தார்கள். நூற்றுக்கு 52 தடவைதான் ஆமாம். கிட்டத்தட்டக் காசு சுண்டிப் போடுவதுதான். முன்னால் நிற்பவர்கள் தங்கள் கண்ணை அளவுக்கு மேல் நம்புகிறார்கள், ஆகவே இறங்கிப் பல முறைகளை வாங்குவதே லாபம் என்பது அவர்கள் முடிவு. மாமா துணிப்பையில் வைத்துச் சொன்னதும் அதுதான்.

கதைக்கு வருவோம். மாலை இன்னும் முடியவில்லை.

இரண்டு பக்கமும் கைகுலுக்கிவிட்டார்கள். விற்கப்பட்டவரிடம் யாராவது கேட்டார்களா?

வாக்கருக்கு டல்லாஸை விட்டுப் போக மனமில்லை. அணிக்கு உடம்பைக் கொடுத்தவர். வருடாவருடம் இடியும் உதையும் வாங்கிக்கொண்டு ஓடியவர். ஒருநாள் சாயங்காலம் உன்னை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். ஆட்டத்தையே விட்டுவிடுவேன் என்ற பேச்சு எழுந்தது. அவர் மட்டும் அதில் உறுதியாக நின்றிருந்தால் ஐந்து ஆட்டக்காரர்களும் இல்லை, முறைகளும் இல்லை. ஜான்சனின் கோட்டை காகிதத்திலேயே கரைந்திருக்கும்.

ஜோன்ஸ் சட்டைப்பையில் கையை விட்டார். போவதற்காக 12.5 லட்சம் டாலர்.

வாக்கர் போனார்.

எனக்கு இந்த இடத்தில் வாக்கர்மேல் பரிதாபம்தான் வருகிறது. எத்தனை எண், எத்தனை சுற்று, எத்தனை நிபந்தனை என்று எல்லாவற்றையும் எழுதியவர்கள், அந்த மனிதன் எங்கே நன்றாக ஓடுவான் என்று எழுதவில்லை. அவரைச் சுற்றித்தான் டல்லாஸ் ஆட்டம் பின்னப்பட்டிருந்தது. மினசோட்டாவில் ஆட்டம் ஏற்கெனவே பின்னி முடிந்திருந்தது. அதில் அவரைச் செருக வேண்டும்.

ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் யாரும் பேசவில்லை.

மூன்றே நாள். அக்டோபர் 15. மினசோட்டா மைதானம். புது அணியின் ஆட்டமுறைகளை முழுசாகப் படிக்கக்கூட நேரமில்லை. இறங்கினார். பந்தை வாங்கினார். ஓடினார்.

148 கெஜம்!

கிரீன்பே அணியைச் சாய்த்தது வைக்கிங்ஸ். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மைக் லின்னைப்போல அன்று சந்தோஷமான மனிதர் அமெரிக்காவில் இருந்திருக்க முடியாது. நான்கு தோல்விகளின் முள் நெஞ்சிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது.

அதே ஞாயிறு, டல்லாஸ் மறுபடி தோற்றது.

அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும்.

பருவம் முடிந்தபோது 16 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. வீதியில் ஜான்சன் முகத்தைக் காட்ட முடியாத நிலை. இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வாரங்களை நாள் நாளாக வாழ்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்திரிகையைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் 148 கெஜம் ஓடிய மனிதனின் படம் இருக்கும். சரியான கணக்கைப் போடுவது பாதி வேலைதான். கணக்கு சரி என்று தெரிய மூன்று வருடம் ஆகும்போது, அதுவரை வாயை மூடிக்கொண்டு அடி வாங்குவது மீதி வேலை.

ஆறாவது அத்தியாயத்தில் நாம் பார்த்த பிளம்மரை நினைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் மைசூர் கம்பெனியின் பணம் கரைந்துபோய், லண்டனில் பங்குதாரர்கள் போதும் மூடிவிடு என்று நின்றபோது, பழங்காலத்தார் வெட்டிய குழிகளையே பார்த்துப் பார்த்து இறங்கிய மனிதர். அவர் கையில் சிக்கியதுதான் சாம்பியன் லோடு. நூறு வருடத்துக்கு மேல் நம்மைத் தின்னவைத்த அந்தக் கல், ஒரு கூட்டத்தில் கையெழுத்து மாறியிருந்தால் மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

பிப்ரவரி நெருங்கியது.

இப்போது மைக் லின்னுக்கு வாக்கரின் ஓட்டம் மெல்ல மெல்லக் குறைவது தெரிந்தது. முதல் நாளின் 148 மறுபடி வரவில்லை. ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ அணி வைக்கிங்ஸை 41-க்கு 13 என்று உதைத்து வெளியே அனுப்பியது. கோப்பை கண்ணில் படவே இல்லை. அந்த வலியோடு உட்கார்ந்திருந்தவருக்கு அப்போதுதான் ஒப்பந்தத்தின் அடிவரி கண்ணில் குத்தியது.

பிப்ரவரி 1-க்கு முன்னால் விலக்கினால்...

ஜான்சன் விலக்கத் தயாராக நின்றார். சாலமன், ஹோவர்ட், ஹோல்ட் என்று மூன்று பேர் கையில் மிச்சம். வைத்துக்கொண்டால் ஆட்டக்காரர்கள். விலக்கினால் முறைகள். எதை எடுப்பார்?

இரண்டையும் எடுத்தார்!

இவர்களை விலக்கினால் முறைகளும் உங்களுக்குப் போச்சு, ஆட்டக்காரர்களும் உங்களுக்குத் திரும்பப்போவதில்லை. அதைவிட, மூவரையும் நான் வைத்துக்கொள்கிறேன், முறைகளையும் கொடுங்கள், பதிலுக்குப் பின்சுற்று முறைகள் சில தருகிறேன். பேரம் அப்படித்தான் படிந்தது. பழம் தின்று கொட்டை போட்டவர் சரி என்றார். வேறு வழியில்லை.

வாக்கர் என்ற ஒரு மனிதருக்குப் பதிலாக டல்லாஸ் கையில் சேர்ந்தது, மூன்று முதல் சுற்று முறைகள். மூன்று இரண்டாம் சுற்று முறைகள். மேலும் சில்லறை. 1990, 1991, 1992 என்று மூன்று அறுவடைக்கு விதைநெல்.

ஒரு சின்னச் செய்தியை இங்கே சொல்லாமல் போக முடியாது. அந்த வாக்கரை டல்லாஸ் எங்கிருந்து எடுத்தது தெரியுமா? 1985 டிராஃப்டின் ஐந்தாவது சுற்றில். அப்போது அவர் போட்டி லீக் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த லீக் படுத்துவிட்டால் நம்மிடம்தானே வருவான் என்று, யாரும் சீந்தாத ஒரு பின்சுற்று முறையை அவர்மேல் போட்டுவைத்தார்கள். லீக் படுத்தது. சிங்கம் வந்தது. ஒரு ஐந்தாம் சுற்றுத் துண்டு மூன்று முதல் சுற்றாகக் குட்டி போட்டது.

மாமாவிடம் இதைச் சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப எப்பவும் எறங்கிடறதுதான் சரி, இல்ல?"

அதுதான் இல்லை. அதற்குத்தான் அடுத்த வாரம்.

1990 ஏப்ரல் 22. டிராஃப்ட் நாள். மினசோட்டாவிடமிருந்து வந்த முதல் சுற்று முறை டல்லாஸ் கையில் இருக்கிறது. வரிசையில் 21-வது இடம். ஆறு மாதம் ஊர்வாயில் விழுந்து சம்பாதித்த விதைநெல். இதையும் விற்று, இன்னும் கீழே இறங்கி, இன்னும் பலவற்றைச் சேர்ப்பார் ஜான்சன் என்றுதானே நினைப்போம்?

பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன. பத்து. பன்னிரண்டு. பதினைந்து.

பிளோரிடாவில் பென்சகோலாக்கார இளைஞன் ஒருவன் காத்திருக்கிறான். ஐந்தடி ஒன்பது அங்குலம். குள்ளம் என்றார்கள். வேகம் போதாது என்றார்கள். அவனும் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன்தான். பதினாறு பேர் அழைக்கப்பட்டாயிற்று. அவன் பெயர் இன்னும் வரவில்லை.

பதினேழாவது முறை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியுடையது. நான்கு சூப்பர் பௌல் வென்ற சக் நோல் அதன் பயிற்சியாளர். கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. பதினைந்து நிமிடம்.

டல்லாஸிலிருந்து அழைப்பு.

உங்கள் 17-ஐக் கொடுங்கள். எங்கள் 21-ஐத் தருகிறோம். மேற்கொண்டு மூன்றாம் சுற்றில் 81-வது முறையையும் தருகிறோம்.

நாலே நாலு படி இறங்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் இலவசம். அடுத்த வருடம் ஜோன்ஸின் எண்ணெய்க் கூட்டாளி மைக் மெக்காய் உட்கார்ந்து, ஒவ்வொரு முறைக்கும் இன்ன மதிப்பு என்று ஒரு பட்டியல் தயாரிக்கப்போகிறார். முதல் முறைக்கு 3,000 புள்ளி என்று தொடங்கும் பட்டியல். நாட்டின் எல்லா அணிகளும் அதை வேதமாகப் பிடித்துக்கொள்ளப்போகின்றன. அந்தப் பட்டியலின்படி 17-க்கு 950. 21-க்கு 800, 81-க்கு 185. கூட்டிப் பாருங்கள். 985. பிட்ஸ்பர்க்குக்கு 35 புள்ளி லாபம்.

பட்டியல் இறங்கு என்கிறது. தேலர் இறங்கு என்கிறார். மாமாவின் துணிப்பையும் இறங்கு என்கிறது.

ஆனால் ஒன்றைக் கொடுத்துப் பலவற்றை வாங்கியே பிழைத்த ஜிம்மி ஜான்சன், இன்றைக்கு இரண்டைக் கொடுத்து ஒன்றைக் கேட்கிறார். ஏன்?

பிட்ஸ்பர்க் அறையில் கடிகாரம் ஓடுகிறது. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

(தொடரும்)